சிவானந்தம் எடுக்காத கட்டு

அந்த மொட்டைக் கடிதத்தை எழுதியவள் நான்தான்.

ஒரு நேர்மையான மனிதரைத் திருடர் என்று எழுதினேன். அவர் திருடவில்லை என்பது பின்னால் எனக்குத் தெரிந்தது. தெரிந்த பிறகும் வாய் திறக்கவில்லை. என் குற்றம் இவ்வளவுதான். எப்படி நடந்தது என்று சொல்ல முடியும். ஏன் நடந்தது என்று கேட்டீர்களானால்... பாதிதான் சொல்ல முடியும்.

என் பெயரை இங்கே எழுதவில்லை. அப்படியானால் இதுவும் இன்னொரு மொட்டைக் கடிதம்தானே என்பீர்கள். ஆம். மறுக்கமாட்டேன். அவருடைய பெயரைக்கூட மாற்றித்தான் எழுதுகிறேன். சிவானந்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நான் நீலகிரியில் ஒரு வக்கீலிடம் தட்டச்சராக இருக்கிறேன். குமாஸ்தா வேலையும் சேர்த்து எனக்குத்தான். வீடு அரவேணுவில். கணவருக்குத் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. தினமும் பேருந்தில் போய் வருகிறேன். எந்த நீதிமன்றம் என்று கேட்காதீர்கள். மலையில் இருப்பவை சிலவே. சொன்னால் கண்டுபிடித்துவிடுவீர்கள்.

எனக்கு ஒரு பித்து இருந்தது. படப் பித்து. எல்லாப் படங்களும் அல்ல. நீதிமன்றமும் அரசியலும் ஒன்றுக்குள் ஒன்றாகப் பின்னிக்கிடக்கும் சதிப் படங்கள். ஓர் அமைச்சர், ஒரு கொலை, காணாமற்போன ஒரு கோப்பு, மனசாட்சியுள்ள ஒரு வக்கீல்! தமிழில் வந்தவை தீர்ந்ததும் மலையாளத்திலிருந்தும் இந்தியிலிருந்தும் குரல் மாற்றி வந்தவற்றைப் பார்த்தேன். போகும்போது பாதி, வரும்போது மீதி என்று, இயர்போனைக் காதில் செருகிக்கொண்டு பேருந்திலேயே முடித்துவிடுவேன். வெளியே கொண்டை ஊசி வளைவுகளும் மூடுபனியும் போய்க்கொண்டிருக்கும். நான் தலைநகரத்து வழக்கு மன்றம் ஒன்றில் உட்கார்ந்திருப்பேன்.

"பகலெல்லாம் கோர்ட்டு. கோர்ட்டு முடிஞ்சா கோர்ட்டுப் படம்! உனக்குச் சலிக்கவே சலிக்காதா?" என்று கணவர் சிரிப்பார்.

சலிக்கவில்லை. உண்மையான நீதிமன்றத்தில் என்ன நடக்கிறது என்று எனக்குத்தான் தெரியுமே. வாய்தா, மறு வாய்தா, நீதிபதி விடுப்பு, எதிர்த்தரப்பு வக்கீலுக்குக் காய்ச்சல்! பத்து வருடம் ஓடி, ஒருநாள் யாருக்கும் கேட்காத குரலில் ஒரு தீர்ப்பு. படங்களில் அப்படியா? எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் இருக்கும். எல்லா நூலும் ஒரே கையில் போய் முடியும்.

அந்தப் படங்களில் எதுவுமே தவறுதலாக நடப்பதில்லை, கவனித்திருக்கிறீர்களா? கார் கவிழ்ந்தால் யாரோ பிரேக்கை அறுத்திருப்பார்கள். சாட்சி ஊரில் இல்லையென்றால் யாரோ கடத்தியிருப்பார்கள். ஒரு காகிதம் காணவில்லையென்றால் அதைக் கைமறதியாக எங்கோ வைத்தவர் என்று ஒருவர் இருக்கவே மாட்டார். மறதிக்கு அந்தப் படங்களில் வேடமே கிடையாது! பார்த்தால் சந்தேகமே வராத ஆள்தான் கடைசியில் குற்றவாளி. நூறு படம் பார்த்தவளுக்கு இது கண் பார்வையைப் போல இயல்பாகிவிடுகிறது.

சிவானந்தத்தைப் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வராது.

அவர் நீதிமன்றத்தின் ஆவண அறையில் எழுத்தர். ரெக்கார்டு ரூம் என்போம். ஐம்பத்தாறு வயது. பத்து வயதில் பெற்றோருடன் இலங்கைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்தவர். இங்கும் தோட்டத்துக்கே வந்து சேர்ந்த குடும்பம். அந்தச் சனத்திலிருந்து கொழுந்துக் கூடையைத் தாண்டி அரசாங்க நாற்காலியில் உட்கார்ந்த முதல் ஆள்களில் ஒருவர். வழக்குக் கட்டுகளைக் கையில் வாங்கும்போது குழந்தையை வாங்குவதுபோல் இரண்டு கைகளாலும் வாங்குவார். ஒரு நகலுக்கு ஒரு தேநீர்கூட யாரிடமும் வாங்கிக் குடித்ததில்லை. என்னைப் 'புள்ள' என்பார். நான் 'அண்ணே' என்பேன்.

எங்கள் வக்கீல் சார் அப்போது நடத்திய பெரிய வழக்கு ஒன்று இருந்தது. ஒரு தனியார் எஸ்டேட்டின் ஓரச் சரிவில் நாற்பது குடும்பங்கள். எல்லாம் இலங்கையிலிருந்து வந்தவர்கள், சிவானந்தத்தின் சொந்தபந்தங்கள். வந்த புதிதில் அன்றைய நிர்வாகம் அந்தச் சரிவை அவர்களுக்கு வீட்டுமனையாக ஒதுக்கிக் கொடுத்திருந்தது. எஸ்டேட் கைமாறியது. புதிய முதலாளி அங்கே சுற்றுலாக் குடில்கள் கட்ட விரும்பினார். அவருக்குப் பின்னால் ஓர் அரசியல் புள்ளி இருப்பதாக ஊரே பேசிற்று. காலி செய்யுங்கள் என்றார்கள். இவர்கள் வழக்குப் போட்டார்கள்.

இவர்கள் கையிலிருந்த ஒரே ஆயுதம் ஒரு பழுப்பு உறை. உள்ளே மனைகளின் கைவரைபடம், குடும்பத் தலைவர்களின் கைரேகை வைத்த பட்டியல், பழைய மேலாளரின் கையொப்பம். நகலை எதிர்த்தரப்பு ஒப்புக்கொள்ளவில்லை; கைரேகையை அசலில்தான் பார்க்கவேண்டும் என்றார்கள். அசல், நீதிமன்றக் கட்டில் பத்திரமாக இருந்தது.

ஒரு ஜூலை மாத மாலை. அனுமதி வாங்கி அந்த உறையைப் பார்வையிடப் போனேன். பட்டியலில் இருந்த பெயர்களை எங்கள் பிரதியோடு ஒப்பிட வேண்டியிருந்தது. எங்கள் அலுவலகக் கட்டுகள் இரண்டு மூன்றையும் கையோடு கொண்டுபோயிருந்தேன். எல்லாவற்றையும் ஒரே மேசையில் பரப்பியிருந்தேன். மழை ஓட்டை உடைப்பதுபோல் கொட்டிக்கொண்டிருந்தது. திடீரென்று மின்சாரம் போயிற்று.

"அண்ணே, நாலே முக்கால் பஸ் போயிருமுங்க! இதை விட்டா ஆறரைக்குத்தான்!"

"போங்க புள்ள, போங்க. சரியான மழை. இன்னும் நேரமானா ரோட்டுல மரம் விழுந்துரும்."

இருட்டில் தடவிக் கட்டுகளைச் சேர்த்து நாடாவால் இறுக்கினேன். நீதிமன்றக் கட்டை அவரிடம் நீட்டினேன். அவர் உள்ளே எண்ணிப் பார்க்கவில்லை. பதிவேட்டில் 'திரும்பப் பெற்றேன்' என்று எழுதிக் கையொப்பமிட்டார். என்னை நம்பினார். அவ்வளவுதான்! நான் குடையை விரித்துக்கொண்டு ஓடினேன்.

இரண்டு மாதம் கழித்து நீதிபதி அந்த ஆவணத்தைக் கேட்டார். கட்டைப் பிரித்தார்கள். உறை இல்லை.

அன்று மன்றத்தில் எழுந்த சலசலப்பு இன்னும் காதில் இருக்கிறது. வேலைக்குப் போகாமல் வந்து நின்ற பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தேடிப் பார்த்து அறிக்கை தருமாறு சொல்லி நீதிபதி வழக்கைத் தள்ளிவைத்தார். வேறொன்றும் இல்லை. யாரையும் அவர் குற்றம் சொல்லவில்லை.

வக்கீல் சாரும் பதறவில்லை. "ரெக்கார்டு ரூம்ல கட்டு மாறிப் போறதெல்லாம் சகஜமுங்க. எல்லாக் கட்டையும் ஒருக்காப் பிரிச்சுப் பாத்தா எங்கயாவது கெடைச்சிரும். பொறுங்க" என்றார்.

பொறுக்க என்னால் முடியவில்லை. சகஜமா? நாற்பது குடும்பத்தின் ஒரே ஆதாரம், ஓர் அரசியல் புள்ளி குறுக்கே நிற்கும் வழக்கு, சரியான நேரத்தில் மறைந்த கோப்பு... இது சகஜமா! நான் கொடுத்தது எனக்கு நன்றாக நினைவிருந்தது. கட்டை நீட்டினேன், அவர் வாங்கினார், கையொப்பமும் போட்டார். கட்டுக்குள் உறை இருந்ததா என்று என்னை நானே ஒருமுறைகூடக் கேட்டுக்கொள்ளவில்லை. ஒரே ஒரு முறை!

அந்த வாரத்திலேயே அதைப் பார்த்தேன். மாலைப் பேருந்தின் சன்னல் வழியே. சந்திப்பில் ஒரு வெள்ளை ஜீப் நின்றது. முன்னால் கட்சிக் கொடி. அந்த அரசியல் புள்ளியின் வண்டி, ஊருக்கே தெரியும். அதிலிருந்து சிவானந்தம் இறங்கினார். ஓட்டுநரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

நான் பார்த்துக்கொண்டிருந்த படத்தை நிறுத்திவிட்டேன். இனி அது எதற்கு? இதோ, என் படமே தொடங்கிவிட்டதே!

அந்த ஓட்டுநர் சிவானந்தத்தின் மனைவி பாக்கியத்துக்குத் தூரத்து உறவு என்பதும், ஆஸ்பத்திரியில் கிடந்த மனைவியைப் பார்த்துவிட்டு மழையில் நடந்துவந்த மனிதரை இரக்கப்பட்டு ஏற்றிக்கொண்டான் என்பதும் எனக்குப் பிறகு தெரியவந்தவை. கேட்டிருந்தால் மறுநாளே தெரிந்திருக்கும். "ஏனுங்கண்ணே, நேத்து ஜீப்புல வந்தீங்களே?" என்று ஒரு வார்த்தை. படங்களில் யாரும் அப்படிக் கேட்பதில்லை. நானும் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பகலில், ஆளில்லாத அலுவலகத்தில் உட்கார்ந்து கடிதத்தைத் தட்டினேன். அதில் எத்தனை சொற்கள் எனக்குச் சொந்தமானவை என்று இப்போது யோசிக்கிறேன். 'இது ஒரு தனி மனிதரின் செயலன்று. இதன் பின்னே அதிகாரக் கரங்கள் மறைந்துள்ளன.' இப்படி நான் வாழ்க்கையில் பேசியதே இல்லை! 'காவலரே கள்வரான கொடுமை' என்று ஒரு வரி எழுதி, அதை நானே மூன்று முறை படித்து ரசித்தேன். ஜீப்பின் எண்ணையும் எழுதினேன். 'உண்மையை நேசிக்கும் ஒரு குடிமகன்' என்று முடித்தேன். குடிமகள் என்று போட்டால் பெண் என்று தெரிந்துவிடுமல்லவா?

பேருந்தேறி மேட்டுப்பாளையம் வரை இறங்கிப்போய் அங்கே தபாலில் சேர்த்தேன். முத்திரையில் மலையிலுள்ள ஊரின் பெயர் விழக்கூடாது. அதையும் ஒரு படம்தான் கற்றுக்கொடுத்தது. மேலதிகாரிகளுக்கு இரண்டு, யூடியூபில் செய்தி சொல்லும் ஒருவருக்கு ஒன்று. திரும்பி வரும்போது நான் மகிழ்ச்சியாக இருந்தேன். எழுதவே கை கூசுகிறது... ஆனால் ஆமாம், மகிழ்ச்சியாகவே இருந்தேன்.

பத்தே நாள். சிவானந்தத்தைத் தற்காலிகப் பணிநீக்கம் செய்தார்கள். பதிவேட்டில் அவருடைய கையொப்பமே அவருக்கு எதிராக நின்றது. யூடியூப்காரர் அவர் வீட்டு வாசலில் ஒலிவாங்கியை நீட்டி எடுத்த காட்சி எல்லோருடைய கைப்பேசிக்கும் வந்தது. பாக்கியம் கதவைச் சாத்தும் இடத்தில் திகில் இசை சேர்த்திருந்தார்கள். படங்களில் வரும் அதே இசை!

சாவிக்கொத்தை ஒப்படைத்துவிட்டு அவர் வெளியே வந்தபோது நான் வராந்தாவில் நின்றிருந்தேன். முகம் வெளுத்திருந்தது. என்னிடம் வந்தார். கண்டுபிடித்துவிட்டாரோ என்று நினைத்தேன்.

"புள்ள, மேல் தட்டுல மூணாவது வரிசையில ஒழுகுது. தார்ப்பாய் போட்டிருக்கேன். புதுசா வர்றவங்ககிட்ட சொல்லிருங்க. நம்ம சனத்து கட்டெல்லாம் அங்கனதான் இருக்கு."

அந்த நொடியில் எனக்கு உறைத்திருக்க வேண்டும். திருடன் ஒழுகலைப் பற்றிக் கவலைப்படுவானா? ஆனால் நான் என்ன நினைத்தேன் தெரியுமா? என்ன ஒரு நடிப்பு என்று நினைத்தேன்!

ஏழு மாதம் போயிற்று.

அண்ணன் தம்பி இருவர் வேலித் தகராறில் போட்ட பழைய வழக்கு ஒன்று, கிடப்பிலிருந்து மீண்டும் உயிர் பெற்றது. வக்கீல் சார் அந்தக் கட்டைக் கேட்டார். எங்கள் அலமாரியிலிருந்து எடுத்துத் தூசி தட்டி நாடாவை அவிழ்த்தேன்.

உள்ளே பழுப்பு உறை.

நீதிமன்றத்தின் ஊதா முத்திரை. வழக்கெண். பட்டியலில் வரிசையாகக் கைரேகைகள்... நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். மழை, இருட்டு, நாலே முக்கால் பேருந்து, எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக நினைவுக்கு வந்தன. அந்த வேலித் தகராறுக் கட்டும் அன்று என்னோடு அந்த மேசையில் இருந்தது. சதியும் இல்லை, கரமும் இல்லை. என் அவசரம். என் கை. அவ்வளவே!

"கெடைச்சுதாம்மா?" என்று உள்ளறையிலிருந்து வக்கீல் சார் கேட்டார்.

"கெடைச்சுதுங்க சார்" என்றேன்.

வேலித் தகராறுக் கட்டை மட்டும் கொண்டுபோய்க் கொடுத்தேன். உறையை என் சாப்பாட்டுப் பையில் வைத்தேன்.

இந்த இடத்தில் நீங்கள் என்னை வெறுக்கத் தொடங்குவீர்கள். அது நியாயம். அப்போதே நான் எழுந்துபோய் உண்மையைச் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? திட்டு விழுந்திருக்கும். வேலை போயிருக்கலாம். கவனக்குறைவு என்று எழுதி முடித்திருப்பார்கள். ஆனால் மொட்டைக் கடிதம்? அது யார் எழுதியது என்று தோண்டினால்? சொந்தப் பிழையை மறைக்கத்தான் அடுத்தவர் மேல் பழி போட்டாள் என்பார்களே! நான் அப்படி எண்ணி எழுதவில்லை, உண்மையாகவே நம்பி எழுதினேன் என்று யாரிடம் மெய்ப்பிப்பேன்?

என் நிலைமை எப்படி ஆயிற்று பாருங்கள்... தற்செயலை நம்பாதவள், தற்செயல்தான் என்று சொன்னால் யாரும் நம்பாத இடத்தில் வந்து நின்றேன்.

ஆகவே ஒரு வழி செய்தேன். வேறொரு வழக்கின் கட்டைப் பார்க்க அனுமதி வாங்கிக்கொண்டு ஆவண அறைக்குப் போனேன். சிவானந்தத்தின் இடத்தில் புதிதாக வந்திருந்த பெண் சாப்பாட்டுப் பாத்திரத்தைக் கழுவப் போன நேரம் பார்த்து, அந்த உறையை அலமாரிக்கும் சுவருக்கும் இடையில் செருகிவிட்டு வந்தேன். கண்டெடுப்பார்கள். தவறி விழுந்திருந்தது என்பார்கள். சிவானந்தம் விடுதலையாகிவிடுவார். யாருக்கும் நட்டமில்லை. இப்படித்தான் கணக்குப் போட்டேன்!

இரண்டு வாரத்தில் கண்டெடுத்தார்கள்.

ஆனால் அந்தச் சுவரோரத்தை ஏற்கெனவே மூன்று முறை தேடியிருந்தார்கள். தேடியவர்கள் கையொப்பமிட்டு அறிக்கை கொடுத்திருந்தார்கள். அப்போது இல்லாத உறை இப்போது எப்படி வந்தது? விசாரணையில் கேள்வி இப்படித்தான் எழுந்தது. பதிலும் அவர்களிடம் தயாராக இருந்தது: எடுத்தவர் விசாரணைக்குப் பயந்து, உள்ளே இருக்கும் யாரையோ பிடித்துத் திரும்ப வைக்கச் செய்துவிட்டார். அதற்கு முன் வெறும் சந்தேகமாக இருந்தது, அதன்பின் உறுதியாயிற்று. அவரைக் காப்பாற்ற நான் வைத்த உறைதான் அவரைக் கவிழ்த்தது.

"பயந்துபோயி ஆள வெச்சு வெச்சிருக்காரு பாருங்க! சினிமாவுல வர்ற மாதிரியே இருக்குதுங்க!" என்றார் வக்கீல் சார்.

நான் தட்டச்சுப் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சிவானந்தத்துக்குக் கட்டாய ஓய்வு என்று உத்தரவாயிற்று. அதே மாதத்தில் நாற்பது குடும்பங்களின் வழக்கு வென்றது. அசல் ஆவணம் இருந்ததே! வக்கீல் சாருக்கு மாலை போட்டார்கள். எனக்கும் ஒரு துண்டு போர்த்தினார்கள். வாய் நிறைய இனிப்பை ஊட்டிய ஒரு பெண் சொன்னாள்: "அந்தப் பாவி மட்டும் இத அமுக்கிருந்தா நாங்க நடுத்தெருவுல நிக்கணும்க்கா. நம்ம சனத்துல பொறந்துட்டு நம்மளயே விக்கப் பாத்தான் பாருங்க!"

இனிப்பை விழுங்கினேன்.

அவரை ஊர் தள்ளி வைத்தது. எழுத்தில் அல்ல. மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு அவரிடம் வரி வாங்க வரவில்லை. இழவு வீட்டுக்குப் போனால் அவர் உட்கார்ந்த பெஞ்சியிலிருந்து மற்றவர்கள் எழுந்தார்கள். அவர் ஒரு சிறு விவசாயியின் கொழுந்துக் கொட்டகையில் எடை எழுதும் வேலைக்குப் போனார்.

ஒருநாள் மதியம் அவர் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். வக்கீல் சார் கோர்ட்டில் இருந்தார். நான் மட்டும்தான்.

"புள்ள, மேல அப்பீல் போடணும். வக்கீல் ஐயா எடுக்கமாட்டாரு, தெரியும். நானே கைப்பட எழுதியிருக்கேன். நீங்க டைப் அடிச்சுத் தருவீங்களா? இந்தக் கோர்ட்டுல என்கிட்ட மூஞ்சி குடுத்துக் கதைக்கிறது நீங்க ஒருத்தர்தான்."

என்னால் மறுக்க முடியுமா? உட்காரச் சொன்னேன். அவர் எழுதிவந்த தாளைப் பார்த்து அடிக்கத் தொடங்கினேன். 'நான் அந்த ஆவணத்தை எடுக்கவில்லை. அதைத் திரும்ப வைத்தவர் யாரென்றும் எனக்குத் தெரியாது.' இந்த இரு வரிகளையும் என் விரல்களே அடித்தன. ஒரு பிழையும் இல்லாமல்!

அடுத்த வரியில் பழக்கதோஷத்தில் என் போக்கில் ஒன்றைச் சேர்த்தேன்: 'முன்விரோதம் கொண்டோரின் சதியால்...' படித்துக் காட்டினேன். அவர் தலையை ஆட்டினார்.

"சதின்னு போடாதீங்க புள்ள."

"ஏனுங்கண்ணே? அப்படிப் போட்டாத்தான் வலுவா இருக்கும்."

"யாரும் செஞ்சத நான் பாக்கல. பாக்காத ஒண்ண எப்புடி எழுதுறது? என்னப் பத்தி ஒருத்தர் அப்புடித்தானே எழுதிட்டாரு. வேணாம்."

அழித்தேன்.

பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னார். "ஒண்ணு இருக்கு. எழுதலாமா வேணாமான்னு ரெண்டு நாளா யோசன. அன்னிக்குக் கரண்டு இல்ல பாருங்க. நான் கட்டுக்குள்ள எண்ணிப் பாக்காமலே கையெழுத்துப் போட்டேன். அத எழுதினா எனக்குக் கொஞ்சம் சாதகமா இருக்கும்னு ஒருத்தர் சொன்னாரு."

என் விரல்கள் பலகைமேல் அப்படியே நின்றன.

"ஆனா அத எழுதினா ஒங்களக் கூப்புட்டு விசாரிப்பாங்க. கூண்டுல ஏத்துவாங்க. பொம்பளப் புள்ள, வேலைக்குப் போறவங்க... வேணாம். நீங்க ஒழுங்காத்தான் குடுத்திருப்பீங்க. நான்தான் எங்கயோ மாத்தி வெச்சிருக்கணும். வயசாச்சில்ல? இப்பல்லாம் எனக்கே என் மேல சந்தேகமா இருக்கு. வெளங்குதா?"

அவரைக் காப்பாற்றக்கூடிய ஒரே வரி அதுதான். அதை எனக்காக விட்டுவிடுவதாகச் சொன்னார். 'இல்லைங்கண்ணே, எழுதுவோம்' என்று நான் சொல்லியிருக்க வேண்டாமா? நாக்கு நுனிவரை கொண்டுவந்தேன், கடவுள் சாட்சியாக!

"சரிங்கண்ணே" என்றேன்.

என் எல்லாக் குற்றங்களிலும் இதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. கடிதம் எழுதியபோது எனக்குத் தெரியாது. உறையைச் செருகியபோது பயம். ஆனால் இந்தச் 'சரிங்கண்ணே'? முழு நினைவோடு, பகல் வெளிச்சத்தில், அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னேன்.

மேல்முறையீடு தள்ளுபடியாயிற்று. எதிர்பார்த்ததுதான். அதில் ஒன்றுமே இல்லையே!

இந்தத் தை மாதம் அவருடைய மகளுக்குக் கல்யாணம் என்று கேள்விப்பட்டேன். அன்று ஒரு முடிவுக்கு வந்தேன். போய்ச் சொல்லிவிடுவது. காலில் விழுவது. பிறகு அவர் என்ன செய்கிறாரோ செய்யட்டும். அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். அவர் கொட்டகைக்குப் போயிருந்தார். பாக்கியம் மட்டும் இருந்தார். தேநீர் கொடுத்து, பத்திரிகையை மஞ்சள் தடவிக் கையில் வைத்தார்.

"நல்ல எடமாக்கா?" என்றேன்.

"நம்ம சனந்தான். பையன் தங்கமானவன். ஆனா கோயில் வெவகாரம் முடியாம பொண்ணெடுக்க மாட்டோம்னு அவங்க பெரியவங்க சொல்லிட்டாங்க." பாக்கியம் புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார். "அதுக்காக இவரு போனாரு, புள்ள. போன வெள்ளிக்கிழம. மாரியம்மன் முன்னால, அத்தன பேரு நிக்கிறப்ப, நான்தான் எடுத்தேன், புத்தி கெட்டுப் போச்சு, மன்னிச்சிருங்கன்னு சொல்லிட்டாரு."

தேநீர்க் குவளையைக் கீழே வைத்தேன்.

"எடுக்கலன்னு சொன்ன வரைக்கும் ஒருத்தன் நம்பல. எடுத்தேன்னு சொன்னதும் கட்டிப்பிடிச்சு அழுவுறாங்க! திருநீறு பூசிவிட்டாங்க. இப்பப் பத்திரிகை வெக்கப் போனா எல்லா ஊட்டுலயும் உள்ள கூப்புட்டு ஒக்காரச் சொல்றாங்க." அவர் சிரிக்க முயன்றார். "வந்து ரெண்டு நாள் சாப்பிடல புள்ள அவரு. சாமி முன்னால பொய் சொல்லிட்டேனேன்னு."

நான் சொல்ல வந்தது என் வாயில் இருந்தது. சொல்லியிருக்கலாம். ஆனால் இனிச் சொன்னால் அவர் சாமி முன்னால் பொய் சொன்னவர் ஆகிவிடுவாரே, சம்பந்தம் கலைந்துவிடுமே, பெண்ணின் வாழ்க்கை என்னாவது என்று உடனே ஒரு நியாயம் எனக்குள் முளைத்தது. எவ்வளவு சீக்கிரம்! எவ்வளவு வசதியாக! அந்த நியாயத்தில் கொஞ்சம் உண்மையும் இருக்கிறது, அதுதான் கொடுமை. எது இரக்கம், எது கோழைத்தனம் என்று பிரித்துப் பார்க்க எனக்கு இன்னும் தெரியவில்லை. உங்களுக்குத் தெரிந்தால்... வேண்டாம், சொல்லாதீர்கள்.

"கல்யாணத்துக்கு வந்துருங்க" என்றார் பாக்கியம்.

போனேன். கோயிலை ஒட்டிய சமுதாயக் கூடம். பந்தல் நிறைய அந்த நாற்பது குடும்பமும் இருந்தது. சிவானந்தம் வெள்ளை வேட்டி சட்டையில், வருகிற எல்லோரையும் கைகூப்பி வரவேற்றுக்கொண்டிருந்தார். இளைத்திருந்தார். கிழவர் ஒருவர் அவர் தோளைத் தட்டி, "சரி விடு, மனுசன்னா தப்புச் செய்யத்தான் செய்வான். ஒத்துக்கிட்டா போதும்" என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். அவர் தலையைக் குனிந்து ஆமாம் என்றார்.

அப்போது என்னைப் பார்த்துவிட்டார். விரைந்து வந்தார். தாலி கட்டி முடிந்ததும் கூட்டத்தை விலக்கி என்னை அழைத்துப்போய், சம்பந்தி வீட்டார் அமர்ந்திருந்த முதல் பந்தியில் உட்கார வைத்தார். பக்கத்திலிருந்தவர்களிடம், "இவங்க வக்கீல் ஆபீசு. கஷ்ட காலத்துல எங்கூட நின்னவங்க" என்றார்.

இலை போட்டார்கள். அவரே சோற்று வாளியை வாங்கி எனக்குப் பரிமாறினார். குழம்பு ஊற்றினார். அப்பளம் ஒன்றுக்கு இரண்டாக வைத்தார்.

"நல்லாச் சாப்பிடுங்க புள்ள" என்றார். நான் எழும்வரை எதிரிலேயே நின்றார்.

நான் சாப்பிட்டேன்.